இரவல் போன இளைஞர்

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருவது அரிது. வந்தாலும் அட்டை கிழிந்து, மூலை மடிந்துதான் வரும். இது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இரவல் போன பொருள் தேய்ந்து வரும் என்பதே நம் அனுபவம். ஆனால், இரவல் போனதனாலேயே வளர்ந்து திரும்பும் பொருளும் உலகில் ஒன்று உண்டு. கால்பந்து உலகில் ஒரு கழகம் தன்னிடமுள்ள இளம் ஆட்டக்காரரை மற்றொரு கழகத்திற்குச் சில மாதங்களுக்கோ ஓர் ஆண்டிற்கோ இரவலாகத் தருகிறது. அங்கே அவர் ஆடிப் பழகி, உரம் பெற்றுத் தாய்க் கழகத்திற்குத் திரும்புகிறார். அப்படித் திரும்புகிறவர் உண்மையிலேயே வளர்ந்திருக்கிறாரா, வளர்ந்திருந்தால் எவ்வளவு, வளரவில்லையெனில் குற்றம் யாருடையது என்பவற்றைக் கண்டறிவது ஒரு தனிக் கலை. அக்கலையை ஒரு கணிப்பொறி விளையாட்டின் வாயிலாக நான் கற்ற வரலாற்றை இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன். கால்பந்தைக் காலால் தொட்டவன் அல்லன். கண்ணால் கண்டு களித்தவன் மட்டுமே. என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, 'ஃபுட்பால் மேனேஜர்' என்னும் விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தினான். இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. ஒரு கழகத்தின் மேலாளராக இருந்து, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி வகுத்து, ஊதியம் பேசி, வெற்றி தோல்விகளுக்குப் பொறுப்பேற்கிறோம். கையின் விரைவுக்கு இங்கே வேலையில்லை. பொறுமைக்கும் கணக்கிற்குமே வேலை.

இவ்வகை விளையாட்டின் வரலாறு சுவையானது. கெவின் டாம்ஸ் என்பவர் 1982இல் இதே பெயரில் ஒரு விளையாட்டை இங்கிலாந்தில் வெளியிட்டார். அதன் பின்னர் பால் காலியர், ஆலிவர் காலியர் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் வீட்டு அறையில் அமர்ந்து உருவாக்கிய 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' 1992இல் வெளிவந்தது. அவர்கள் நிறுவிய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் என்னும் நிறுவனம் முன்னைய பதிப்பாளரைப் பிரிந்து, 2004 முதல் சேகா நிறுவனத்தின் வாயிலாக 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் தன் விளையாட்டை வெளியிடலாயிற்று. உலகெங்கும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மைதானங்களில் இருந்து ஆட்டக்காரர்களை நேரில் கண்டு, அவர்தம் திறன்களுக்கு எண்மதிப்பு அளித்து அனுப்புகின்றனர். அந்த எண்களின் தொகுப்பே இவ்விளையாட்டின் உயிர். எவர்ட்டன் கழகம் 2008இல் ஆட்டக்காரர்களைத் தேடும் பணிக்கே இத்தொகுப்பைப் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டது என்றால், இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது அன்றோ?

இனி, இரவல் ஏன் என்பதைப் பார்ப்போம். பெரிய கழகத்தில் ஓர் இடத்திற்குத் தேர்ந்த ஆட்டக்காரர் இருவர் மூவர் காத்திருப்பர். பதினெட்டு வயது இளைஞருக்கு அங்கே ஆடும் வாய்ப்புக் கிட்டுவது அரிது. பயிற்சி மைதானத்தில் எவ்வளவு ஓடினாலும், உண்மையான போட்டியில், வெற்றி வேண்டி முழங்கும் கூட்டத்தின் முன், தன்னைவிடப் பத்து வயது மூத்த தடுப்பாளரின் தோளோடு தோள் மோதி ஆடுவதற்கு ஈடாகாது. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா? ஆதலின், ஆட்டம் கிடைக்கும் இடம் நோக்கி இளைஞரை அனுப்புகிறார்கள். அனுப்பும் கழகம் ஊதியத்தில் ஒரு பங்கை ஏற்பதும் உண்டு. ஏற்கும் கழகத்திற்கு விலை கொடாமல் ஓர் ஆட்டக்காரர் கிடைக்கிறார்.

இவ்வழக்கம் வரம்பு மீறிப் போனதும் உண்டு. லண்டன் மாநகரின் செல்சி கழகம் இரவல் தந்திருந்த ஆட்டக்காரர் தொகை சில பருவங்களில் நாற்பதை நெருங்கியது. இதனை ஒழுங்குபடுத்த, அனைத்துலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபீஃபா, 2022 ஜூலை முதல் நாடு விட்டு நாடு செல்லும் இரவல்களுக்கு விதிகள் வகுத்தது. ஒரு கழகம் அனுப்பத்தக்க தொகை முதற் பருவத்தில் 8, அடுத்ததில் 7, 2024 ஜூலை முதல் 6 என்று படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அக்கழகத்திலேயே பயின்று வளர்ந்த, 21 வயதிற்கு உட்பட்டோர் இக்கணக்கில் சேரார். ஓர் இரவல் ஓராண்டிற்கு மேற்படலாகாது. இரவல் பெற்றவர் அவரை மூன்றாமவருக்கு இரவல் தரலாகாது. நம் புத்தகத்தை வாங்கிச் சென்ற நண்பர் அதனை இன்னொருவரிடம் கொடுத்துவிடும் துன்பத்தை அறிந்தவர்களுக்கு, இவ்விதியின் நியாயம் எளிதில் விளங்கும்.

விளையாட்டிற்குத் திரும்புவோம். அதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பந்து கடத்தல், முதல் தொடுகை, முடிவெடுத்தல், மன உறுதி, வேகம், உடல் தாங்குதிறன் முதலிய பல திறன்கள் உண்டு. ஒவ்வொன்றும் 1 முதல் 20 வரையிலான எண்ணால் குறிக்கப்படும். இவற்றின் பின்னே, மேலாளரின் கண்ணுக்குப் புலப்படாத இரண்டு எண்கள் மறைந்துள்ளன. ஒன்று, அவர் இன்று அடைந்துள்ள நிலை; மற்றது, அவர் என்றேனும் எட்டக்கூடிய உச்சம். இரண்டும் 200க்கு உட்பட்டவை. முதல் எண் இரண்டாம் எண்ணை நோக்கி ஏறலாம். ஏறாமல் இடையிலேயே நின்றும் விடலாம். ஏறுவதற்குத் துணைபுரிவன எவை? நல்ல பயிற்சி வசதி, நல்ல ஆசிரியர், காயமின்மை, உழைக்கும் இயல்பு, இவை எல்லாவற்றோடும் தம் தகுதிக்கேற்ற நிலையில் போதிய ஆட்டம். இளமையின் தொடக்கத்தில் பயிற்சியே பெரும் பங்கு ஆற்றுகிறது. பதினெட்டைக் கடந்தபின் ஆட்டத்தின் பங்கு மிகுகிறது. வேகம் முதலிய உடல் திறன்கள் முன்னே முதிரும். முடிவெடுத்தல் போன்ற அறிவுத் திறன்கள் பின்னரும் நெடுங்காலம் வளரும்.

இவ்வளவும் எனக்குப் பின்னர்த் தெரிந்தவை. தொடக்கத்தில் நான் செய்தது என்ன? இங்கிலாந்தின் இரண்டாம் படிநிலையிலுள்ள ஒரு கழகத்தை விளையாட்டில் நடத்திவந்தேன். எங்கள் இளைஞர் பயிற்சிப் பள்ளியிலிருந்து பதினெட்டு வயது நடுவரிசை ஆட்டக்காரர் ஒருவர் வந்தார். கணிப்பொறி கற்பித்துப் படைத்த இளைஞர் அவர். உலகில் அவருக்கு உடலில்லை. ஆயினும் மன உறுதி 16 என்று கண்டதும் எனக்கு அவர் மீது பற்று உண்டாயிற்று. அவரை இரவலாகக் கேட்ட கழகங்களில், எங்களைவிடப் பெயர் பெற்றதும் சிறந்த பயிற்சி மைதானம் உடையதுமான ஒன்றைத் தேர்ந்து அனுப்பினேன். பெரிய இடம், நல்ல ஆசிரியர், இனி என்ன குறை என்று எண்ணினேன். எண்ணியதோடு அவரை மறந்தேன். பத்துத் திங்கள் கழிந்து அவர் திரும்பியபோது எண்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. பந்து கடத்தல் 11 ஆகவே நின்றது. முடிவெடுத்தல் 9 ஆகவே நின்றது. 'இவ்வளவுதான் இவர்' என்று தீர்ப்புக் கூறி, விற்கவேண்டியோர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன்.

அப்போது அருகிலிருந்த என் மருமகன், "மாமா, அவரை அனுப்பினீர்களே, பிறகு ஒரு நாளாவது என்ன ஆனார் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டான்.

"ஏன் பார்க்கவேண்டும்? 23 ஆட்டம் ஆடியிருக்கிறார் என்று இதோ எழுதியிருக்கிறதே!" என்றேன்.

"ஆடினார் சரி, எத்தனை நிமிடம் ஆடினார்?" என்றான் அவன்.

கணிதம் கற்பிக்கும் எனக்கு அக்கேள்வி தோன்றாமற் போனதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். கணக்கிட்டுப் பார்த்தேன். 23 ஆட்டங்களில் அவர் தொடக்கம் முதல் இறுதிவரை ஆடியவை 6 மட்டுமே. ஏனைய 17 ஆட்டங்களில் கடைசிக் கால் மணி நேரம் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருக்கிறார். 6 ஆட்டங்களுக்கு 540 நிமிடம். 17 முறை 15 நிமிடத்திற்கு 255 நிமிடம். ஆகமொத்தம் 795 நிமிடம். அப்படிநிலையில் ஒரு பருவத்திற்கு 46 ஆட்டங்கள். அவற்றின் மொத்த நேரம் 4,140 நிமிடம். ஆகவே என் இளைஞர் களத்தில் நின்றது நூற்றுக்கு 19 பங்கு நேரமே. மீதி நேரமெல்லாம் அவர் ஓரத்துப் பலகையில் அமர்ந்திருந்தார். அவர் வளரவில்லை என்பது உண்மை. ஆனால், வளராததன் காரணம் அவரிடம் இல்லை. அனுப்பியவனாகிய என்னிடம் இருந்தது. உடன்படிக்கையைப் புரட்டினேன். 'அணியில் ஒருவர்' என்னும் தளர்ந்த நிபந்தனைக்கு நானே இசைந்திருந்தேன். இடைநடுவே திரும்ப அழைக்கும் உரிமையையும் நானே கேளாது விட்டிருந்தேன்.

விற்கும் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினேன். அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அந்நோட்டில் நான் எழுதிவந்த முறையை இப்போது விளக்குகிறேன்.

முதலாவது, புறப்படும் நாளின் நிலை. ஆட்டக்காரர் வெளியே செல்லும் அன்றே அவருடைய திறன் எண்கள் அனைத்தையும் தேதியிட்டு எழுதிவிட வேண்டும். தொடக்கம் தெரியாதவனுக்கு வளர்ச்சி தெரியாது. நினைவை நம்பலாகாது, ஏனெனில், நமக்கு விருப்பமானவர் வளர்ந்ததாகவும் விருப்பமற்றவர் தேங்கியதாகவும் நினைவு பொய் சொல்லும்.

இரண்டாவது, நிமிடங்கள். ஆட்டங்களின் எண்ணிக்கையை எழுதாமல், நிமிடங்களை எழுதி, அவை அக்கழகம் ஆடிய மொத்த நிமிடத்தில் எத்தனை பங்கு என்று ஒவ்வொரு திங்களும் கணக்கிட வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் பங்கு பாதிக்கும் கீழே இருந்தால், அந்த இரவல் தவறான இடத்தில் நிகழ்ந்திருக்கிறது என்று கொண்டு, சனவரியில் திரும்ப அழைக்க ஆயத்தமாக வேண்டும். இது நானாக வகுத்துக்கொண்ட எல்லை.

மூன்றாவது, இடம். நடுவில் ஆடக் கற்கவேண்டியவரை இடப்புற ஓரத்தில் நிறுத்தினால், நிமிடம் மிகுந்தாலும் பயன் குறையும். இரவல் உடன்படிக்கையிலேயே எவ்விடத்தில், எப்பணியில் ஆடவைக்க வேண்டும் என்பதைக் கேட்டுப் பெறலாம். கேட்டது நடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

நான்காவது, ஆட்டத்தின் தரம். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பத்திற்கு இத்தனை என்று மதிப்பெண் தரப்படுகிறது. சராசரி 7க்கு மேற்பட்டால் நன்று. ஆனால், அம்மதிப்பெண் எப்படிநிலையில் கிடைத்தது என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டும். நான்காம் படிநிலையில் பெற்ற 7.2 என்பதும் இரண்டாம் படிநிலையில் பெற்ற 6.8 என்பதும் ஒரே துலாக்கோலில் நிறுக்கத்தக்கவை அல்ல. எல்லா ஆட்டத்திலும் எளிதாக வெல்பவர் தம் தகுதிக்குக் கீழே இருக்கிறார். எல்லா ஆட்டத்திலும் திணறுபவர் மேலே இருக்கிறார். சற்றுத் திணறி, சற்று வெல்லும் இடமே கற்கும் இடம்.

கோல்களையும் இவ்வாறே நேரத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். 900 நிமிடத்தில் 5 கோல் அடித்தவர் 90 நிமிடத்திற்கு அரைக் கோல் வீதம் அடிக்கிறார்; 2,880 நிமிடத்தில் 8 கோல் அடித்தவர் கால் கோல் வீதமே அடிக்கிறார். எட்டு என்பது ஐந்தைவிடப் பெரியதாகத் தோன்றினும் முன்னவரே முந்துகிறார். ஆயினும் இங்கும் ஒரு கண்ணி உண்டு. 20 நிமிடம் ஆடி ஒரு கோல் அடித்தவருக்கு இதே கணக்குப்படி ஆட்டத்திற்கு நான்கரைக் கோல் வருகிறது! சிறிய அளவிலிருந்து பெரிய முடிவு காண்பது எவ்வளவு நகைப்புக்குரியது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஐந்தாவது, காயங்களும் இடையூறுகளும். எத்தனை வாரம் காயத்தால் ஆடாதிருந்தார், கழகத்தின் மேலாளர் இடையில் மாறினாரா, அவரை விரும்பி அழைத்தவர் போய் விரும்பாதவர் வந்தாரா என்பனவற்றை ஒரு வரியிலேனும் குறிக்கவேண்டும். எண் வீழ்ந்ததற்குக் காரணம் சில வேளைகளில் இவ்வொரு வரியில்தான் கிடைக்கும்.

2019இல் வெளிவந்த பதிப்பிலிருந்து இவ்விளையாட்டில் வளர்ச்சி மையம் என்னும் ஒரு பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. இரவல் சென்றோரின் நிலை அங்கே ஒருங்கே காட்டப்படுகிறது. அவர்களைக் கண்காணிக்கவென்றே ஓர் அலுவலரை நியமிக்கவும் வழியுண்டு. திறன்கள் ஏறுவதையும் இறங்குவதையும் அம்புக்குறிகளும் கோட்டுப் படங்களும் காட்டுகின்றன. ஆயினும், பொறி எவ்வளவு காட்டினாலும் கையால் எழுதும் பழக்கத்தை நான் விடவில்லை. திரையில் காண்பது கண்ணோடு போகிறது. எழுதியது கருத்தில் நிற்கிறது.

இரண்டாம் ஆண்டு என் இளைஞரை நான்காம் படிநிலையில் உள்ள ஒரு சிறு கழகத்திற்கு அனுப்பினேன். மைதானம் சிறிது, பயிற்சி வசதி குறைவு. ஆனால், 'முதன்மை ஆட்டக்காரர்' என்னும் உறுதியோடு, நடுவில் ஆடவேண்டும் என்னும் நிபந்தனையும், திரும்ப அழைக்கும் உரிமையும் பெற்றேன். ஒவ்வொரு திங்களும் நோட்டில் எழுதினேன். பருவ முடிவில் அவர் ஆடியது 3,312 நிமிடம். நூற்றுக்குச் சரியாக 80 பங்கு. முடிவெடுத்தல் 9லிருந்து 12 ஆயிற்று. பந்து கடத்தல் 11லிருந்து 13. தாங்குதிறன் 12லிருந்து 14. முதல் தொடுகை மட்டும் அசையவில்லை. நல்ல பயிற்சி மைதானம் இல்லாததன் குறை அதில் தெரிந்தது என்று கருதுகிறேன். ஆகவே, மூன்றாம் ஆண்டு அவரை வெளியே அனுப்பாமல் எங்களிடமே வைத்துப் பயிற்றினேன். அவர் உலகம் வியக்கும் வீரர் ஆகிவிடவில்லை. எங்கள் அணியில் நம்பத்தக்க ஓர் ஆட்டக்காரராக ஏழு பருவங்கள் நிலைத்தார். அவரை நான் விற்றிருந்தால் இழந்திருக்கக்கூடியது அதுவே.

இது கற்பனை ஆட்டம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை உலகில் நிகழ்ந்த ஒன்றைக் காட்டுகிறேன். டாட்டன்ஹாம் கழகத்து ஹாரி கேன் 2011 சனவரியில், பதினேழு வயதில், மூன்றாம் படிநிலையிலிருந்த லேட்டன் ஓரியன்ட் கழகத்திற்கு இரவல் சென்றார். லீக் போட்டிகளில் 18 ஆட்டம், 5 கோல். அடுத்த ஆண்டு இரண்டாம் படிநிலையில் மில்வால் கழகத்தில் 22 ஆட்டம், 7 கோல். பின்னர் முதற் படிநிலையிலிருந்த நார்விச் கழகத்திற்குச் சென்றார், காலெலும்பு முறிந்தது, லீக்கில் 3 ஆட்டம், கோல் இல்லை. 2013இல் லெஸ்டர் கழகத்தில் 13 ஆட்டம், 2 கோல். பல நாள் ஓரப் பலகையில் அமர்ந்திருந்தார். இந்த ஏட்டின் கடைசி இரண்டு வரிகளை மட்டும் படித்த ஒருவர் என்ன தீர்ப்பளித்திருப்பார்? நான் அளித்த தீர்ப்பையே அளித்திருப்பார். ஆனால், முதல் இரண்டு வரிகளையும், காயம் என்னும் ஒரு குறிப்பையும் சேர்த்துப் படித்தால் கதை வேறாகிறது. ஆடக் கிடைத்த இடங்களில் அவர் ஆடியிருக்கிறார். அவர் 2014–15 பருவத்தில் டாட்டன்ஹாமுக்காக எல்லாப் போட்டிகளிலுமாக 31 கோல் அடித்தார். 2023 மார்ச்சில் 54ஆம் கோலை அடித்து, இங்கிலாந்து நாட்டிற்காக மிகுதியான கோல் அடித்தவர் என்னும் பெருமையை எய்தினார்.

எல்லா இரவலும் இவ்வாறு கனிவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. அமெரிக்காவின் ஃபிரெடி அடூ பதினான்கு வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரராகி, உலகின் கண்களையெல்லாம் ஈர்த்தார். 2007இல் போர்ச்சுகல் நாட்டின் பென்ஃபிகா கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் அவரைப் பிரான்சின் முதல் நிலை லீக்கில் ஆடும் மொனாக்கோ கழகத்திற்கும், போர்ச்சுகலின் பெலெனென்சஸ், கிரேக்க நாட்டின் ஆரிஸ், துருக்கியின் ரிசேஸ்போர் ஆகிய கழகங்களுக்கும் அடுத்தடுத்து அனுப்பியது. நான்கு ஆண்டில் நான்கு நாட்டின் மண். எந்த மண்ணிலும் வேர் பிடிக்கப் போதிய காலம் கிட்டவில்லை. நாற்றைப் பிடுங்கி நடுவது பயிருக்கு நன்மை. மாதந்தோறும் பிடுங்கி நட்டால் பயிர் ஏது?

இரவல் சென்றவர் தாய்க் கழகத்திற்கே எதிர்நிற்கும் நிலையும் வருவதுண்டு. செல்சி கழகத்தின் பந்துக் காவலர் திபோ கோர்ட்வா 2011 முதல் மூன்று பருவங்கள் ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் கழகத்தில் இரவலாக இருந்தார். 2014இல் ஐரோப்பிய வாகையர் போட்டியின் அரையிறுதியில் இவ்விரு கழகங்களும் மோதின. அவர் ஆடினால் பணம் தரவேண்டும் என்னும் நிபந்தனை, போட்டியின் நேர்மைக்கு மாறானது, செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் கூறிவிட்டது. கோர்ட்வா ஆடினார், அட்லெட்டிகோ 3–1 என வென்று இறுதிக்குச் சென்றது. இரவல் தந்த வாளே தந்தவர்மேல் பாய்ந்த கதை இது. ஆயினும் செல்சிக்கு நட்டமில்லை. அப்பருவத்தின் முடிவில் தேர்ந்த காவலர் ஒருவர் அவர்களிடம் திரும்பி வந்தார்.

இனி, இவ்விளையாட்டைப் பற்றிய ஒரு குறையையும் சொல்லவேண்டும். அதில் ஒவ்வோர் இளைஞரின் உச்சமும் முன்னரே எண்ணாக எழுதப்பட்டு மறைந்திருக்கிறது. எவ்வளவு உழைத்தாலும் அவ்வெண்ணை அவர் கடக்க இயலாது. மனித வாழ்க்கையில் அத்தகைய எண் உண்டா? இருந்தாலும் அதனை எழுதத் தகுதியுடையார் யார்? 2001இல் வெளிவந்த சாம்பியன்ஷிப் மேனேஜர் பதிப்பில், மில்வால் கழகத்தின் இளைஞர் செர்னோ சாம்பா உலகின் சிறந்த கோல் வீரராக வளர்வார் என்னும் அளவிற்கு மதிப்புப் பெற்றிருந்தார். அவ்விளையாட்டை ஆடியோர் அவரைத் தேடித் தேடி வாங்கினர். உண்மை உலகில் அவர் மில்வாலின் முதல் அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடாமலே வெளியேறினார்; வேறு பல கழகங்களில் ஆடி, காம்பியா நாட்டிற்காகவும் களமிறங்கி, 2015இல் ஓய்வு பெற்றார். மிக உயர்ந்த எண்ணை எழுதியோரும் பிழைத்தனர். அங்ஙனமாயின், 'இவன் இவ்வளவுதான்' என்று குறைந்த எண்ணை எழுதுவோர் எத்துணை அஞ்சி எழுதவேண்டும்!

இதனை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே பிழையை வகுப்பிலும் செய்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் பருவத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றார். அதற்கு முந்திய தேர்விலும் அவ்வாறே. அறிக்கையில் 'முன்னேற்றம் இல்லை' என்று இரண்டே சொல் எழுதிக் கையொப்பமிட்டேன். என் மருமகன் கேட்ட கேள்வி சில வாரங்கள் கழித்து என் காதில் மீண்டும் ஒலித்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அம்மாணவர் அப்பருவத்தில் பாதி நாள்கூட வகுப்பில் இல்லை. அழைத்துக் கேட்டேன். தந்தையார் நோயுற்றுப் படுத்துவிட, காலையில் கடையைத் திறந்து நடத்தும் பொறுப்பு அவர்மேல் விழுந்திருந்தது. முற்பகல் பாடங்களில் என் பாடமும் ஒன்று. அவர் குறைவாகக் கற்கவில்லை. குறைவாக வகுப்பில் இருந்தார். இரண்டும் வெவ்வேறு. மாலையில் அரை மணி நேரம் அவருக்கென ஒதுக்கினேன். பெரிய அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. அடுத்த தேர்வில் தேறினார், அதற்கடுத்ததில் நன்கு தேறினார். ஆனால், நான் எழுதிய அந்த இரண்டு சொல் அவர் வீட்டிற்குப் போய், நோயுற்ற தந்தையின் கையிலும் இருந்தது. அதனை என்னால் அழிக்க முடியவில்லை.

மாணவ நண்பர்களே! நாள் முழுதும் கணிப்பொறியின் முன் அமருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆடுவோர் அளவறிந்து ஆடுக. ஆனால், இன்று நீங்கள் விடுதியிலோ, உறவினர் வீட்டிலோ, வேற்றூர்க் கல்லூரியிலோ இருந்து பயில்வீர்களாயின், நீங்களும் ஒரு வகையில் இரவல் சென்றவர்களே. உங்கள் வளர்ச்சியை நீங்களே குறித்து வாருங்கள். சேர்ந்த நாளில் எதனைச் செய்ய இயலாதிருந்தது, இன்று எது இயல்கிறது, உண்மையில் எத்தனை மணி நேரம் பயின்றீர்கள், இடையூறு யாது என்று திங்களுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு தேர்வின் எண்ணைக் கண்டு 'நான் இவ்வளவுதான்' என்று தீர்ப்புக் கூற நினைக்கும்போது, அந்நோட்டை எடுத்து, நான் களத்தில் நின்ற நிமிடம் எத்தனை என்று முதலில் பாருங்கள். நிமிடம் குறைவாயின் மாற்றவேண்டியது இடத்தை. நிமிடம் நிறைந்தும் எண் ஏறாவிடின் மாற்றவேண்டியது முறையை. பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவது கடைசி வேலை.

என் மேசையில் அந்நோட்டு இன்றும் இருக்கிறது. அதன் முதற் பக்கத்தில் 795 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். தேர்வுத் தாள் திருத்தி முடித்து அறிக்கை எழுத அமரும்போதெல்லாம் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.